சப்-வூஃபர் இருந்தும் பேஸ் கேட்கவில்லையா? பவரை அல்ல, இடத்தைப் பாருங்க!

புது சப்-வூஃபர் ஹாலுக்கு வந்தாச்சு. ஆனால் சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை. பக்கத்து ஃபிளாட்காரரோ கதவைத் தட்டுகிறார். கோளாறு பெரும்பாலும் பெட்டியில் இல்லை, அதை வைத்த இடத்திலும் செட்டிங்கிலும்தான்.

ஏன் இப்படி?

40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.5 மீட்டர். பல வீடுகளில் ஹாலைவிட அலையே பெரிசு! சுவரில் மோதித் திரும்பும் அலைகள் சில இடங்களில் கூடி அதிரும். சில இடங்களில் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். அங்கே சோபா இருந்தால், வால்யூமைக் கூட்டியும் பெரிய பலன் இருக்காது.

என்ன செய்யலாம்?

இடம்: சப்-வூஃபரைத் தற்காலிகமாக சோபா மேல் வையுங்க. பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, சுவரோரமாகக் குனிந்து கேட்டபடி நகருங்க. பேஸ் சீராகக் கேட்கும் இடம்தான் அதற்கு ஏற்ற இடம்.

கிராஸ்ஓவர்: ரிசீவரில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என மாற்றி, 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்க. சப்-வூஃபரில் உள்ள கிராஸ்ஓவர் குமிழை அதிகபட்சத்தில் விட்டுவிடுங்க. இல்லையென்றால் ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும்.

ஃபேஸ்: 0, 180 இரண்டிலும் சோபாவில் இருந்து கேளுங்க. பேஸ் எதில் கனமாக இருக்கிறதோ, அதுவே சரி.

வால்யூம்: இதைக் கடைசியில் தொடுங்க. சப்-வூஃபர் தனியாகத் தெரியாத அளவுக்குக் குறைத்தால் போதும். பக்கத்து வீட்டுக்கும் நிம்மதி!