காட்டுக்கறி தின்றால் ரத்தம் ஊறுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் ஒரு தோட்டம். லயத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. பின்னால் கட்டிய கூடையில் பிளாஸ்டிக் பைகள். விடியுமுன்பே வெட்டிக் கூறு போட்ட காட்டுப்பன்றிக் கறி.

"ரெண்டு கிலோ போடு தம்பி" என்கிறார் ஒரு பெரியம்மா. வீட்டில் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் ரத்தம் சோதித்துப் பார்த்து, அளவு 9 தான் இருக்கிறது என்று புத்தகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஊசிக்கோழியத் தின்னா ஒடம்புல என்னா ஒட்டும்? காட்டுல ஓடியாடுற கறியக் குடுத்தாத்தான் ரத்தம் ஊறும்" என்பது பெரியம்மாவின் தீர்மானம். கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பொட்டலமோ சாமி மேடைக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடக்கிறது. "அதத் தின்னா வயித்தால கருப்பாப் போவுதாம், வேணாம்னு எடுத்து வெச்சுட்டேன்" என்கிறார்.

பெரியம்மாவின் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய கணக்கு சரிதானா? இதை நம் தாய்மார்கள் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேட்டை வந்த வழி

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்தில் கறி என்பது தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான். கிடைத்த கூலியில் அரிசியும் பருப்பும் கருவாடும் வாங்கவே காசு சரியாகிவிடும். அப்படிப்பட்ட நாளில், நாயைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் போனவர்கள் ஒரு பன்றியையோ சருகுமானையோ உடும்பையோ கொண்டு வந்தால், லயமே கூறு போட்டுப் பங்கிட்டுக்கொண்டது. பிள்ளைகள் வயிறாரத் தின்றார்கள். எப்போதாவது கறி கண்ட உடம்புக்கு அது தெம்பாகத்தான் இருந்தது.

அந்தத் தெம்பு, காட்டில் திரிந்த மிருகம் என்பதால் வந்ததல்ல. கறி கிடைத்ததால் வந்தது. அன்றைக்குக் கோழியடித்துக் கொடுத்திருந்தாலும் அதே தெம்பு வந்திருக்கும்.

தராசில் வைத்துப் பார்ப்போம்

சமைத்த கறியில் 100 கிராம் எடுத்துக்கொள்வோம். உணவுச் சத்து அட்டவணைகள் தரும் கணக்கு ஏறக்குறைய இதுதான்.

காட்டுப்பன்றிக் கறியில் புரதம் 28 கிராம், கொழுப்பு 4 கிராமுக்குச் சற்று மேல், இரும்புச் சத்து 1.1 மில்லிகிராம்.

தோலுரித்த கோழி நெஞ்சுக்கறியில் புரதம் 31 கிராம், கொழுப்பு 3.6 கிராம், இரும்பு 1 மில்லிகிராம். தோலோடு சமைத்த கோழியில் புரதம் 27 கிராம், இரும்பு 1.3 மில்லிகிராம்; ஆனால் கொழுப்பு 13 கிராமைத் தாண்டிவிடும்.

மான் கறியில் புரதம் 30 கிராம், கொழுப்பு 3 கிராம், இரும்பு 4.5 மில்லிகிராம்.

கோழி ஈரலில் புரதம் 24 கிராம், கொழுப்பு 6.5 கிராம், இரும்பு 11 மில்லிகிராமுக்கு மேல்!

பார்த்தீர்களா? காட்டுப்பன்றிக்கும் கோழிக்கும் புரதத்திலும் இரும்பிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. மான் கறியில் இரும்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் அதையும் தோற்கடிப்பது, சந்தையில் மலிவாகக் கிடைக்கிற கோழி ஈரல். பல வீடுகளில் அதைப் பூனைக்குப் போட்டுவிட்டுக் காட்டுக்கறிக்குக் காசு கொடுக்கிறோம்.

ஏன் இந்த வித்தியாசம்?

காட்டு மிருகம் இரை தேடி ஓடுகிறது, துரத்தினால் பாய்கிறது. உட்கார்ந்து தின்று கொழுக்க அதற்கு நேரமில்லை. அதனால் கொழுப்புக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் காட்டுக்கறிக்கு மதிப்பெண் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கோழித் தோலையும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பையும் உரித்துப் போட்டுவிட்டால், நம் வீட்டுக் கோழியும் அதே நிலைக்கு வந்துவிடுகிறது.

கறியின் சிவப்பு நிறமும் இரும்பைச் சேர்ந்ததுதான். ஓயாமல் உழைக்கும் தசைக்குக் காற்றை இழுத்துப் பிடித்து வைக்கும் ஒரு பொருள் தேவை. இரும்பு கலந்த அந்தப் பொருள்தான் கறிக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. அதனால்தான் மான் கறி கருஞ்சிவப்பாக இருக்கிறது. கோழியிலும் நடக்கிற கால் சிவப்பு, பறக்காத நெஞ்சு வெளுப்பு. ஆகவே ரத்தம் குறைந்தவர்களுக்குக் கோழி வாங்கினால், நெஞ்சைவிடத் தொடைக்கறி நல்லது.

நம் தோட்டத்து ஓரங்களில் கூவுகிற செங்காட்டுக்கோழி இருக்கிறதே, உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை. காடும் வீடும் ஒரே குலம்தான்!

ஊசிக்கோழி என்கிற பேச்சு

"பிராய்லர் கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறாங்க" என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்தக் கோழி ஐந்து, ஆறு வாரத்தில் பெருத்துவிடுவதற்குக் காரணம் வளர்ச்சி ஊசி அல்ல. வேகமாக வளரும் குஞ்சுகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதும், அளந்து கொடுக்கிற தீவனமும்தான் காரணம். நோய்க்காகக் கொடுக்கும் மருந்துகளை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்பது வேறு விஷயம். அதில் கண்காணிப்புத் தேவைதான். ஆனால் பிராய்லரில் சத்தே இல்லை என்பது தவறு. நாட்டுக்கோழி ருசியில் உயர்ந்தது, கொழுப்புக் குறைந்தது. புரதத்தில் இரண்டுக்கும் பெரிய பேதமில்லை.

ரத்தம் ஏன் குறைகிறது?

2019-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய மூன்று பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. கர்ப்பிணிக்கு ரத்த அளவு 11-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் களைப்பு, மூச்சிரைப்பு. குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், நாள் முந்தியும் பிறக்கலாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து.

மாதவிடாயில் இரும்பு வெளியேறுகிறது. அதனால் பெண்ணுக்கு ஆணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இரும்பு தேவை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கறியைப் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சிய குழம்பைச் சோற்றில் விட்டுத் தின்கிறவள் வீட்டுப் பெண்தான்.

இன்னொரு காரணம், சோறு தின்ற கையோடு குடிக்கும் தேத்தண்ணி. அதிலுள்ள துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கிறது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தால் கால் வழியே ஏறும் கொக்கிப் புழு, குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். இவற்றைச் சரிசெய்யாமல் எந்தக் கறியைத் தின்றும் பலனில்லை.

காட்டுக்கறியோடு வரும் வினை

பண்ணை மிருகத்தை வெட்டுமிடத்தில் சோதனை செய்வார்கள். காட்டில் பிடித்த பன்றிக்கு நோய் இருந்ததா, எத்தனை மணி நேரம் சுருக்கில் கிடந்து செத்தது என்று யார் சொல்வது? காட்டுப்பன்றியின் தசையில் கண்ணுக்குத் தெரியாத புழுக்கள் தங்கியிருக்கலாம். ஈரலைத் தாக்கும் ஈ வகை மஞ்சட்காமாலைக் கிருமியும் அதில் உண்டு. அது கர்ப்பிணிகளுக்குத்தான் மிகப் பொல்லாதது. அரைவேக்காட்டுக் கறியே இவற்றின் வழி. துப்பாக்கியால் சுட்ட கறியில் ஈயத் துகள் கலந்திருந்தால் அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஆஸ்துமாவுக்குப் பழந்தின்னி வௌவால் நல்லது என்று சொல்லி அதையும் பிடிக்கிறார்கள். நிப்பா காய்ச்சலை மறந்துவிட்டோமா? 1998-லும் 1999-லும் நம் நாட்டில் 265 பேரை அந்தக் காய்ச்சல் தாக்கியது. 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அந்தக் கிருமி குடியிருப்பது பழந்தின்னி வௌவாலில். அதிலிருந்து பண்ணைப் பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதனுக்கும் வந்தது. வௌவால் கறி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பதற்கோ ஆதாரம் எதுவும் இல்லை.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை லைசென்ஸ் இல்லாமல் வேட்டையாடுவதும் வைத்திருப்பதும் குற்றம். எறும்புதின்னியான அலுங்கு முழுப் பாதுகாப்பில் உள்ளது. அதைத் தொடவே கூடாது. சுருக்கு வைப்பதும் தண்டனைக்குரியது. செம்பனைக் கன்றைப் பன்றி தோண்டிப் போடுகிறது என்றால், நிர்வாகத்தின் மூலம் வனவிலங்குத் துறைக்குச் சொல்வதுதான் முறை. இரண்டு கிலோ கறிக்காகக் கோர்ட்டுப் படி ஏறினால், அபராதம் கட்டுவது பிள்ளைகளின் பள்ளிக் காசில்தான்.

தாய்மார்கள் செய்ய வேண்டியது

கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பர் 1-ஆம் தேதி நீக்கப்பட்டது. ஆகவே கோழியும் தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது. ஆனாலும் வழியுண்டு.

வாரம் ஒருமுறை கோழி ஈரல் வாங்கி, மிளகு தட்டிப் போட்டு, உள்ளே சிவப்புத் தெரியாமல் நன்றாக வேகவைத்துப் பொரியுங்கள். பிள்ளைகளுக்குச் சிறிதளவே போதும். ஒரு எச்சரிக்கை: ஈரலில் ஏ வைட்டமின் மிக அதிகம். அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. ஆகவே கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்த்து, தோலுரித்த தொடைக்கறி, மீன், நன்றாக வெந்த முட்டை ஆகியவற்றைச் சாப்பிடட்டும்.

முருங்கைக் கீரை, பச்சைப் பயறு சமைத்தால் சின்ன எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாப்பாட்டோடு ஒரு கொய்யாப் பழம். புளிப்பான பழத்திலுள்ள சி வைட்டமின் கீரையின் இரும்பை உடம்பில் ஏற்றிவிடும். கீரையோடு ஒரு துண்டு கறியோ மீனோ சேர்ந்தால் இன்னும் நல்லது. தேத்தண்ணியைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். வேலைக்குப் போகும்போது காலணி போடுங்கள். புழு மாத்திரையைக் கிளினிக்கில் கேட்டுச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரை. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்கு நாளுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு கொடுக்கச் சொல்கிறது. ரத்தம் ஏற்கெனவே குறைந்தவருக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். 60 மில்லிகிராம் இரும்பைக் காட்டுப்பன்றிக் கறியில் தேடினால் 5 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். கறியில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாக ஏறும்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும் கிலோக் கணக்கில்தான் வரும். நாள்தோறும் யாரால் முடியும்?

மலம் கருப்பாகப் போவது மாத்திரையின் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. வயிறு புரட்டினால் தாதியிடம் சொல்லுங்கள், நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். நாமாக நிறுத்தக் கூடாது.

காட்டுக்கறியைப் பழிக்க வேண்டுமென்று இதை எழுதவில்லை. பஞ்ச காலத்தில் அது நம் முன்னோருக்கு உதவியது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் இன்று நம் வீட்டுப் பெண்ணின் உடம்பில் ரத்தம் ஊற, காட்டுக்குள் போக வேண்டியதில்லை. கறிச் சட்டியில் அவளுக்கும் சரியான பங்கு வையுங்கள். "நீ முதல்ல சாப்பிடு தாயி" என்று ஒரு மாமியார் சொல்லட்டும். சாமி மேடைக்குப் பக்கத்தில் கிடக்கிற அந்தப் பொட்டலத்தை இன்றைக்கே பிரித்துக் கொடுங்கள்.