பட்டாவில் ஏர், பேச்சில் சென்ட்

மனை வாங்கப் போகிறவர்கள் பட்டாவைப் பார்த்ததும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. தரகர் "பத்து சென்ட்" என்கிறார். பட்டாவில் பரப்பு என்ற கட்டத்தில் ஹெக்டேர் – ஏர் என்ற தலைப்பின் கீழே 0 – 4.05 என்று இருக்கிறது. இரண்டும் ஒரே நிலம்தானா? ஒரே நிலம்தான். டீயைக் குடித்துக்கொண்டே கணக்கைப் பார்த்துவிடலாம்.

பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள ஒரு சதுரம்தான் ஓர் ஏர். 100 சதுர மீட்டர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுர அடி, ஏறக்குறைய 40.47 சதுர மீட்டர். ஆகவே ஓர் ஏருக்கு 2.47 சென்ட். பட்டாவில் இருக்கும் ஏரை 2.47ஆல் பெருக்குங்கள், சென்ட் வந்துவிடும்.

அடுத்த கேள்வி நியாயமானது. கிலோவும் லிட்டரும் நமக்குப் பழகிவிட்டன. ஏர் மட்டும் ஏன் பழகவில்லை? 1956இல் எடை, அளவுகளுக்கான சட்டம் வந்தது. 1957 ஏப்ரலில் பதினாறு அணா ரூபாய் நூறு நயா பைசாவானது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாகக் கடைகளுக்கு வந்தது. 1962 ஏப்ரலில் நாடு முழுவதும் கட்டாயமானது. பலமும் வீசையும் மணங்கும் தராசிலிருந்து இறங்கின. சட்டத்தோடு வேறு இரண்டும் உதவின. எண்பது தோலா கொண்ட சேர் சுமார் 933 கிராம். கிலோ அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. தவிர, அரிசியும் பருப்பும் அடிக்கடி வாங்குவதால் கை தானாகவே பழகியது.

நிலம் அப்படியல்ல. வாழ்நாளில் ஓரிரு முறைதான் வாங்குகிறோம். ஹெக்டேரோ வீட்டு மனைக்கு மிகப் பெரியது. 1,200 சதுர அடி மனையை ஹெக்டேரில் எழுதினால் 0.0111, சதுர மீட்டரில் எழுதினால் சுமார் 111. எது மனதில் நிற்கும்?

வேலைக்குப் பொருந்தும் அலகைத் தேர்வதை ஆஸ்திரேலியர்கள் நன்றாகக் கையாண்டார்கள். 1970களில் மெட்ரிக் முறைக்கு மாறியபோது, அங்கே கட்டுமானத் துறை மில்லிமீட்டரையும் மீட்டரையும் மட்டும் எடுத்துக்கொண்டு சென்டிமீட்டரை ஒதுக்கியது. வரைபடத்தில் கதவு உயரம் 2040 என்றிருந்தால் அது மில்லிமீட்டர்தான். புள்ளியும் இல்லை, குழப்பமும் இல்லை. நம் ஊரில் கம்பியை 8, 12, 16 மில்லிமீட்டர் என்று வாங்குகிற அதே மேஸ்திரி அறையை அடியில் அளக்கிறார். ஒரே கட்டடத்தில் இரண்டு கணக்கு ஓடும்போது பிழை நுழைய இடம் கிடைக்கிறது.

மெட்ரிக் முறையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வேலைக்கும் பொருத்தமான ஓர் அலகைத் தேர்ந்து, எல்லோரும் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். வயலுக்கு ஹெக்டேர், மனைக்குச் சதுர மீட்டர் என்பது என் முடிவு.

மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டாவில் உள்ள ஏரை நூறால் பெருக்குங்கள், சதுர மீட்டர் வந்துவிடும். பத்திரத்தில் சதுர அடி இருந்தால் 10.76ஆல் வகுங்கள், சென்ட் இருந்தால் 40.47ஆல் பெருக்குங்கள், கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர். நிலத்தை நேரில் அளந்த கணக்கையும் சதுர மீட்டரிலேயே பக்கத்தில் எழுதுங்கள். மூன்றும் ஒத்துப்போன பிறகு முன்பணம் கொடுங்கள்.