ஒருநாள் வெளிநடப்பு போதாது, மருத்துவர்களுக்குத் தொழிற்சங்கம் வேண்டும்

2021 ஜூலை 25 அன்று மலேசியாவில் 17,045 பேருக்குக் கோவிட் தொற்று உறுதியானது. பாதிக்கு மேற்பட்டோர் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவு அந்த மாதம் முழுவதும் நிரம்பி வழிந்தது. மறுநாள் காலை 11 மணிக்கு, கோலாலம்பூர் மருத்துவமனை உட்பட நாட்டின் பல இடங்களில் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளியே வந்தார்கள். ஊர் செத்துக்கொண்டிருக்கும்போது இது தகுமா என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடை 2016 டிசம்பரில் தொடங்குகிறது. நிரந்தரப் பணியிடங்கள் போதாத நிலையில், ஹவுஸ்மேன் எனப்படும் பயிற்சி மருத்துவர்களை ஒப்பந்தத்தில் எடுக்கும் முறையை அரசு அப்போதுதான் கொண்டுவந்தது. 2021 மே மாதம் வரை அப்படிச் சேர்ந்தவர்கள் 23,000க்கும் மேல். நிரந்தரமானவர்கள் 789 பேர், அதாவது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. மற்றவர்களும் அதே வார்டில் அதே இரவுப்பணியைப் பார்த்தார்கள். ஆனால் நிபுணத்துவப் படிப்புக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பும் உபகாரச் சம்பளமும் அவர்களுக்கு எட்டவில்லை.

அந்தப் போராட்ட அறிவிப்புக்கே பலன் இருந்தது. போராட்டம் நடப்பதற்கு மூன்று நாள் முன்பே அப்போதைய பிரதமர் முகைதீன் யாசின் ஒப்பந்தக் கால நீட்டிப்பை அறிவித்தார். நிரந்தரப் பணி மட்டும் கிடைக்கவில்லை. போலீஸ் விசாரணை கிடைத்தது. 2023 ஏப்ரலில் விடுப்பெடுத்து எதிர்ப்புக் காட்ட விடுத்த அழைப்புக்கு ஆதரவு குறைவாகவே இருந்தது. இதை அக்கறையின்மை என்று நான் கருதவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாதவர் தனியாளாக எப்படி நிற்பார்? பெயரை வெளியில் சொல்லத் தயங்கும் ஒருங்கிணைப்பாளர்களோடு அரசு எந்த மேசையில் உட்கார்ந்து பேசும்? பேசியதைப் பிறகு நிறைவேற்றியதா என்று யார் கணக்குப் பார்ப்பார்கள்?

மலேசிய மருத்துவர் சங்கம்தான் இருக்கிறதே என்பார்கள். அச்சங்கமும் அதன் அரசு மருத்துவர் பிரிவான ஸ்கோமோஸும் ஓயாமல் குரல் கொடுத்திருக்கின்றன. 2025 தொடக்கத்தில் ஆன்கால் முறைக்கு மாற்றாக வரவிருந்த ஷிஃப்ட் சோதனைத் திட்டம் தள்ளிப்போனதற்கு அந்தக் குரலும் காரணம். வார இறுதி நாளில் 24 மணி நேர ஆன்காலுக்கு 220 ரிங்கிட், மணிக்கு ஒன்பது ரிங்கிட் சொச்சம், என்றிருந்த படியை 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரசு உயர்த்த முன்வந்ததற்கும் அதுவே. எனினும் அது சங்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு, தொழிற்சங்கம் அன்று. அதே வார்டில் வேலை செய்யும் தாதியருக்கு மலாயா தாதியர் தொழிற்சங்கம் இருக்கிறது. பிரிட்டனில் மருத்துவர் சங்கமே தொழிற்சங்கமாகவும் பதிவு பெற்றிருப்பதால், 2024 செப்டம்பரில் இங்கிலாந்தின் இளம் மருத்துவர்கள் ஈராண்டுக்குச் சராசரி 22.3 விழுக்காடு ஊதிய உயர்வை ஒப்பந்தமாகவே பெற்றார்கள். கிள்ளானுக்கும் இது புதிதல்ல. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டு 1941இல் இங்குள்ள தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கீழ் திரண்டார்கள். காலனி அரசு அதன் தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தியது. ஒரே வேலைக்கு ஒரே மதிப்பு என்பதுதான் அன்றைய கோரிக்கை. இன்றும் அதுவே.

மருத்துவர் வேலையை நிறுத்தினால் நோயாளி சாவார் என்ற அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. 2021இல் நிரந்தர மருத்துவர்களும் நிபுணர்களும் பொறுப்பேற்ற பிறகே மற்றவர்கள் வெளியே வந்தார்கள். பதிவு பெற்ற சங்கம் இருந்தால் அவசரப் பிரிவுக்கு விலக்கு, முன்னறிவிப்பு ஆகியவற்றை எழுத்தில் வைக்கலாம், பேச்சு நடக்கும் இடத்தில் வேலைநிறுத்தத்துக்குத் தேவையும் குறையும். தூக்கமில்லாத மருத்துவரும் நோயாளிக்கு ஆபத்துதான். பாஸ்டன் மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. வழக்கமான நீண்ட பணிமுறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான தவறுகளைச் செய்தார்கள் என்றது அது. நாங்களும் இப்படித்தான் தேறினோம் என்று சொல்லும் மூத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பணம் எங்கே என்று கேட்கும் அரசோ, பல ஆண்டு செலவிட்டு உருவாக்கியவர்களைச் சிங்கப்பூருக்கு இழப்பதையும் செலவில் சேர்க்க வேண்டும். 2025இல் அந்நாட்டின் பொது மருத்துவத் துறை கோலாலம்பூரிலேயே நேர்காணல் நடத்த விளம்பரம் செய்தது.

ஒப்பந்த மருத்துவர் உட்பட எல்லா அரசு மருத்துவர்களும் அச்சமின்றிச் சேரக்கூடிய ஒரு தொழிற்சங்கத்தை அரசு அங்கீகரித்துப் பேச்சுக்கு அழைக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் இதற்கு ஆதரவு தருவீர்களா என்று கேளுங்கள்.