கள்ளு குளிர்ச்சியா?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு, பிள்ளைகளின் படிப்பு, மருத்துவ வசதி எல்லாம் இருந்தன. கூடவே இதுவும் இருந்தது: கள்ளுக்கடைகளை மூட வேண்டும். அந்த ஆண்டு மே மாதமே நாதன் கைதானார். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பட்டியலில் கள்ளுக்கடையைச் சேர்த்தவர்கள் குடிக்கு வெளியே நின்று பேசியவர்கள் அல்லர். கூலி எங்கே கரைகிறது என்பதை வீட்டுக்குள் கண்டவர்கள்.

ஆனாலும் "கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி" என்ற பேச்சு தோட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் அலைந்துவிட்டு வருகிறவர் ஐஸ் போட்ட பியரைப் பற்றி இன்று அதையேதான் சொல்கிறார். இதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 33 டிகிரி சூடான அறையில் சிலரை உட்காரவைத்து மது கொடுத்து அளந்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். தோலுக்கு ஓடும் ரத்தம் கூடியது, வியர்வை கூடியது, உள்ளுடம்பின் சூடு சுமார் 0.3 டிகிரி இறங்கியது. ஆக, குடித்ததும் உடம்பு கொஞ்சம் குளிர்வது மெய்தான். அந்தக் குளிர்ச்சியை உடம்பு எதைக் கொடுத்து வாங்குகிறது என்பதுதான் கேள்வி. தன் தண்ணீரைக் கொடுத்து வாங்குகிறது.

நம் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அவ்வளவும் வெளியே போனால் பிழைப்போமா? ஒன்றரை லிட்டர் போக மீதி முழுவதும் ரத்தத்துக்கே திரும்புகிறது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதில் பெரும்பங்கு, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி விடும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனுக்கு. வியர்த்து உடம்பு வறண்டால் அது கூடும், சிறுநீர் சுண்டும். மது அந்தச் சுரப்பையே அடக்கிவிடுகிறது.

எவ்வளவு தண்ணீர் போகும்? கிள்ளான் போராட்டத்துக்கு மறு ஆண்டு, 1942-இல், எகிள்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் அதை அளந்து சொன்னார்: ஒரு கிராம் ஆல்கஹாலுக்குச் சுமார் 10 மில்லி சிறுநீர் கூடுதலாக வெளியேறும். 40 சதவீத பிராந்தி 100 மில்லியில் ஏறக்குறைய 32 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது கொண்டுவரும் தண்ணீர் 60 மில்லி சொச்சம். வெளியேற்றக்கூடியதோ 300 மில்லிக்கு மேல். உடம்பு ஏற்கெனவே வறண்டிருந்தால் இந்த இழப்பு குறையும், உண்மைதான். பியரில் தண்ணீர் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் வியர்த்து வறண்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 1997-ஆம் ஆண்டுச் சோதனையில், 4 சதவீத ஆல்கஹால் கலந்த பானம் உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதைத் தாமதப்படுத்துவதாகத் தெரிந்தது. பியரின் வீரியம் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

இனி நம் ஊர்க் காற்றைப் பார்ப்போம். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். இவ்வளவு அருமையான குளிரூட்டியை மனிதன் இன்னும் செய்யவில்லை என்றே சொல்வேன். ஆனால் அது ஆவியாக வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் காய்வதில்லை; சொட்டுகிறது. சொட்டும் வியர்வை தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறதே தவிர, சூட்டை எடுத்துப் போவதில்லை. மலேசிய வானிலைத் துறை தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டாலே முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. அந்த நாள்களில் குடித்துவிட்டுக் கூடுதலாகச் சிந்தும் வியர்வையில் ஒரு பகுதி வீண்.

இதற்குள் ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும். வெயிலுக்கு விரிந்த ரத்தக் குழாய்கள் மதுவுக்கு இன்னும் விரிகின்றன. உள்ளே ஓட வேண்டிய நீரோ குறைந்துகொண்டே போகிறது. உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். விழுகிற இடம் வாய்க்கால் ஓரமாகவோ மாடிப்படியாகவோ இருந்தால் அதுவே போதும். இதய நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

எனக்கு மிகவும் அச்சம் தருவது வேறொன்று. உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்குவதுதான் வெப்பத்தாக்கு. பேச்சு குழறும், கால் தள்ளாடும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், பிறகு நினைவு தப்பும். குடித்தவரிடமும் இதே அறிகுறிகள்தானே? கூட இருப்பவர்கள் "போதை ஏறிடுச்சு, கொஞ்ச நேரம் படுக்கட்டும்" என்று அப்படியே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு நிமிடமும் மூளையும் சிறுநீரகமும் வெந்துகொண்டிருக்கும் நேரம் அது.

வெயில் நாளில் குடித்துவிட்டு ஒருவர் சாய்ந்தால் முதலில் அவர் மார்பைத் தொட்டுப் பாருங்கள். அனலாகக் கொதித்தால் நிழலுக்குத் தூக்குங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 999-ஐ அழையுங்கள். தூங்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.