பூந்திக்கொட்டை யாருக்காக நுரைக்கிறது?

பட்டுப்புடவை அலசவும் நகை கழுவவும் வாங்கி வைத்த பூந்திக்கொட்டை வீட்டில் இருந்தால், ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று காய்கள் ஒட்டிப் பிறந்தாற்போல இருக்கும். ஓடு பேரீச்சம்பழத் தோல் மாதிரி சுருங்கி, விரலில் பிசுபிசுக்கும். முகர்ந்தால் லேசான புளிப்பு வாடை. உடைத்தால் உள்ளே பளபளவென்று கறுப்பு விதை. அந்த விதையை எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது; சரக்கு முழுவதும் ஓட்டில்தான். இந்த மரத்துக்குத் தாவரவியலார் வைத்த பெயர் சப்பிண்டஸ். லத்தீன் மொழியில் ‘இந்தியச் சோப்பு’ என்ற பொருளில் அமைந்த பெயர் அது.

ஓட்டில் இருக்கும் பொருள் சப்போனின். அதன் மூலக்கூறின் ஒரு பக்கம் சர்க்கரைகளால் ஆனது, தண்ணீரோடு ஒட்டும். மறுபக்கம் எண்ணெயோடு ஒட்டும். அழுக்கை எண்ணெய்ப் பக்கம் பிடித்துக்கொள்ள, தண்ணீர்ப் பக்கம் அதை இழுத்துக்கொண்டு போகிறது. கடையில் வாங்கும் சோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. சீயக்காய் நுரைப்பதும் சப்போனினால்தான்.

ஆனால் மரம் துணி துவைப்பதில்லை. பிறகு எதற்காக இவ்வளவு பாடுபட்டு சப்போனினைச் சேர்த்து வைக்கிறது?

இதற்கு ஓட்ஸ் பயிர் ஒரு நல்ல விடை தருகிறது. ஓட்ஸ் வேரில் அவெனசின் என்ற சப்போனின் உண்டு. கோதுமை வேரை அழுக வைக்கும் ஒரு பூஞ்சை, சாதாரணமாக ஓட்ஸை நெருங்க முடியாது. இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்கள், அவெனசின் தயாரிக்க முடியாத ஓட்ஸ் செடிகளைத் தேடிப் பிடித்து அதே பூஞ்சையோடு வளர்த்தார்கள். அந்தச் செடிகள் நோய்க்கு எளிதில் இரையாயின. 1999-இல் வெளியான அந்த ஆய்வு, சப்போனின் செடியின் கவசம் என்பதைக் கண்முன் காட்டிவிட்டது.

கவசம் வேலை செய்யும் விதம் அழகானது. பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. பல சப்போனின்கள் அதைத் தேடிப் பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடுகின்றன. உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து பூஞ்சை சாகிறது. நம் இரத்தச் சிவப்பணுக்களின் சவ்வில் இதற்கு உறவான கொலஸ்ட்ரால் இருப்பதால், அவற்றையும் சப்போனின் உடைக்கும். மீனின் செவுளையும் விட்டுவைக்காது. சப்போனின் நிறைந்த செடிகளை இடித்துக் குட்டையில் கலக்கி மீன் பிடிக்கும் வழக்கம் உலகின் பல மூலைகளில் இருந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீர் கண்ணில் பட்டால் அப்படி எரிவதும் சும்மா இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பாக்டீரியாக்களின் சவ்வில் இந்த ஸ்டெரால்கள் கிடையாது. அதனால் சப்போனினின் அடி பூஞ்சை மேல் விழுவது போல் அவற்றின் மேல் விழுவதில்லை. அப்படியானால் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கை கழுவி என்ன பயன்? பயன் உண்டு. கையில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமிகளை நுரை பெயர்த்து எடுக்கிறது. ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது. கிருமியைக் கொல்லாமலே கை சுத்தமாகிறது. 2016-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 கிருமிநாசினிப் பொருள்களை மக்கள் அன்றாடம் வாங்கும் கை கழுவும் சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தது. சாதாரணச் சோப்பையும் தண்ணீரையும் விட அவை மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிரூபிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

மூலிகைச் சோப்பு என்று விற்பவர்களிடம் நான் கேட்க விரும்புவதும் இதைத்தான்: சாதாரணச் சோப்பைவிட உங்கள் சோப்பு எந்த விதத்தில் மேல்? வேப்பிலைச் சாறு தோய்த்த சிறு காகித வட்டை பாக்டீரியா வளரும் அகார் தட்டில் வைத்தால், மறுநாள் அதைச் சுற்றிக் கிருமியில்லாத வளையம் தெரியலாம். அது உண்மைதான். ஆனால் அங்கே சாற்றுக்கு ஓர் இரவு முழுவதும் அவகாசம் இருந்தது. நம் கையில் அதே சாறு சோப்பிலும் தண்ணீரிலும் கரைந்து, இருபது விநாடியில் சாக்கடைக்குப் போய்விடுகிறது.

மஞ்சளின் கதையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். தேங்காய் எண்ணெயையும் காஸ்டிக் பொட்டாஷையும் சேர்த்தால் திரவச் சோப்பு கிடைக்கும். காஸ்டிக் சோடா சேர்த்தால் கட்டிச் சோப்பு. இரண்டுமே காரத்தன்மை உள்ளவை. சோப்புக் கரைசலில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போடுங்கள், குங்குமம்போலச் சிவக்கும். நிறம் மாறுவதோடு போகாது, காரத்தில் மஞ்சளின் குர்குமின் சிதையவும் தொடங்கிவிடும். அதே மஞ்சளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டால் மஞ்சளாகவே இருக்கும், ஏனென்றால் அது அமிலத்தன்மை உடையது. எந்த மூலிகையை எதில் சேர்க்கிறோம் என்று பார்க்காமல் சேர்த்தால், புட்டியில் பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

பூந்திக்கொட்டைத் திரவம் காய்ச்சுவது எளிது. விதை நீக்கிய ஓடு 50 கிராம், தண்ணீர் அரை லிட்டர். இரவு ஊற வைத்து, காலையில் கால் மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டினால் தேன் நிறத்தில் திரவம் தயார். சிரமம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வெளியே வைத்தால் சில நாள்களில் மேலே குமிழி கட்டும், புளித்த நெடி வரும். ஓட்டில் சப்போனினோடு சர்க்கரையும் இருக்கிறது. சப்போனினைத் தாங்கும் நுண்ணுயிர்களுக்கு அது நல்ல விருந்து. கிருமிக்கு எதிராக என்று காய்ச்சிய திரவமே கிருமி வளரும் பாத்திரமாகிவிடும். கொதிக்க வைத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநீரிலும் பிழைக்கும். செடிச்சாற்றில் சோப்பு செய்யும் எவருக்கும் எந்த மூலிகை சேர்ப்பது என்பதைவிட, செய்ததைக் கெடாமல் வைப்பதே பெரிய வேலை. விற்பனைக்குச் செய்பவர்கள் அளவறிந்து பாதுகாப்புப் பொருள் சேர்ப்பதும் ஆய்வகத்தில் சோதிப்பதும் இதற்காகத்தான்.

வீட்டுக்குச் செய்பவர்கள் ஒரு வாரத் தேவைக்கு மட்டும் காய்ச்சி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாமல், புட்டியைக் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். கண்ணில் படாமலும் புண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஒரு கைப்பிடி ஓட்டை அன்றிரவே ஊறப்போட்டால் மறுநாள் காலை புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.