அடைவு அனுமதிகளும் கலைச்சொல் தெரிவும்

யூனிக்ஸ் வழிவந்த கோப்புச் சேவையகங்களில் உரிமையாளர், குழு, பிறர் என்னும் மூவகைப் பயனர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய அனுமதிகள் தனித்தனியே வழங்கப்படுகின்றன. இவற்றின் மதிப்புகள் முறையே 4, 2, 1. எனவே 750 என்பது உரிமையாளருக்கு மூன்றும் (7), குழுவினருக்குப் படித்தலும் இயக்குதலும் (5) உண்டு, பிறருக்கு எதுவுமில்லை (0) எனப் பொருள்படும்.

இச்சொற்கள் கோப்புக்குப் பொருந்துமாறு அடைவுக்குப் பொருந்துவதில்லை. அடைவு என்பது அடிப்படையில் கோப்புப் பெயர்களின் பட்டியலே. ஆகவே அடைவைப் ‘படித்தல்’ என்பது அப்பெயர்களைக் காண்பது; ‘எழுதுதல்’ என்பது பெயர்களைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது; ‘இயக்குதல்’ என்பது அடைவினுள் புகுந்து அதிலுள்ளவற்றை எட்டுவது. அங்கு இயக்கப்படும் நிரல் எதுவுமில்லை.

இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் கேடு சிறிதன்று. பலர் கூடித் தொகுக்கும் அகராதியொன்றின் கோப்புகளை அவற்றின் உரிமையாளர் மட்டுமே எழுதலாம் என அமைத்துவிட்டு, அவை காப்பாக உள்ளன எனக் கருதுதல் எளிது. ஆயின் அடைவில் எழுதவும் நுழையவும் அனுமதி பெற்ற குழுவினர் எவரும் அக்கோப்புகளை நீக்கிவிட இயலும். நீக்குதல் கோப்பின்மீதன்று, பட்டியலின்மீது நிகழும் செயல் என்பதே காரணம். அடைவுக்கு 770 என்பதற்கு மாறாக 1770 என அமைப்பின், கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், தலைமைப் பயனர் ஆகியோர் மட்டுமே நீக்க இயலும்.

ஒரு சொல்லுக்கு ஒரே நிகரன் என்னும் நெறி இங்கு நெகிழ்தல் வேண்டும். கோப்புக்கு ‘இயக்குதல்’, அடைவுக்கு ‘நுழைதல்’ எனப் பிரித்து வழங்குதலே தகும். திரையில் இரண்டிற்கும் ஒரே குறியீடு தோன்றும் என்பதைக் கையேட்டின் தொடக்கத்தில் சுட்டிவிடின் குழப்பம் எழாது.