தலை சுற்றாவிட்டால் பி.பி. இல்லையா?

'மயக்கமா, தலைசுத்தலா... ஒண்ணுமில்லையே, மாத்திரை எதுக்கு?' தா.பழூரானாலும் சென்னையானாலும் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. சிறுநீரகமோ வலிக்காமலே கெட்டுப்போகும். உயர் ரத்த அழுத்தம் அதன் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சிதைத்தால் சிறுநீரில் புரதம் கசியும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு இந்த ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றத்தை 2010-ல் கண்டுபிடித்தார்கள். நம் வீடுகளில் சர்க்கரையும் பி.பி.யும்தான் முக்கிய வில்லன்கள்.

1990-களில் சென்னை சிறுநீரக நிபுணர் டாக்டர் எம்.கே.மணி, சுமார் 25,000 பேர் வசிக்கும் கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீரும் பி.பி.யும் பார்க்க ஏற்பாடு செய்தார். பார்த்தது யார் தெரியுமா? பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள்! கொடுத்தது மலிவான பழைய மாத்திரைகள். தலைக்கு ஆண்டுச் செலவு கால் டாலர் சொச்சம்தான்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையம் போனால், பி.பி.யோடு சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.